வீடு முழுவதும் அல்ல, ஓர் உத்தரம்

9.10.1995, திங்கள்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வீட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பிய பதிவுத் தபாலில், ‘முன்னறை உத்தரம் ஒன்று பழுது’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘வீடு முழுவதும் எந்நேரமும் இடிந்து விழும் அபாய நிலையில் உள்ளது’ என்று அடித்துவிட்டேன். அவசரத்தில் நேர்ந்தது என்று எழுத நினைத்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன். வாசிக்க நன்றாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். இதனால் ஒன்றும் வராது என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை.

சாலோமியின் நாட்குறிப்பு பாதி நாட்கள் ‘சரியாகத் தெரியவில்லை’ என்றுதான் முடியும். மீதி நாட்கள் ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று முடியும். பகலில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறவள். ஒரு தூக்குச்சட்டிக்குப் பில் போட்டாலும் இரண்டு தரம் சரிபார்ப்பாள். அதற்குள் வாங்க வந்தவர் பொறுமையிழந்து அடுத்த கடைக்குப் போய்விட்டதும் உண்டு. சாயங்காலம் முருகன்குறிச்சியில் டைப்ரைட்டிங் வகுப்பு. இருபத்திரண்டு வயதில் இத்தனை நிதானமான பெண், ஒரே வரியில் ஒரு வீட்டையே சாய்த்தது எப்படி என்றால், அதற்கு அந்த வகுப்புதான் காரணம்.

தமிழ் டைப்பிங்குக்குப் பயிற்சியாகக் கொடுப்பதெல்லாம் மனுக்கள். கலெக்டருக்கு, நகராட்சிக்கு, மின்வாரியத்துக்கு. அந்த மனுக்களில் சாலை என்றால் குண்டும் குழியுமாகத்தான் இருக்கும். சாக்கடை என்றால் பெருக்கெடுத்து ஓடியே தீரும். ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்று யாரும் எழுதியதில்லை. ஊரே இருளில் மூழ்கி, பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்தில் கிடப்பார்கள். மாசக்கணக்கில் இதையே தட்டித் தட்டி அவள் விரல்களுக்கு ஒரு புத்தி வந்திருந்தது. ‘வீடு’ என்று அடித்தால் போதும், ‘இடிந்து விழும்’ தானாக வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும்.

உண்மையில் கெட்டுப்போயிருந்தது ஒரே ஓர் உத்தரம். சாலோமியும் அவள் அம்மா சாரம்மாளும் குடியிருந்தது ஒரு வளவில். ஒரே வாசலுக்குள் இரண்டு வீடு, நடுவில் பொதுவாக ஒரு கிணறு. பழைய காலத்து மட்டப்பா வீடு. உத்தரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்தது. மற்ற உத்தரங்களெல்லாம் இரும்பு மாதிரி இருந்தன. முன்னறையில் மேற்குப் பக்கத்து உத்தரம் மட்டும் சுவருக்குள் போகிற இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி ஊறிப்போயிருந்தது. ஈரம் கண்ட இடத்தில் கரையான் குடியேறி, வாடகை தராமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகிவிட்டது. வாரத்துக்கு ஒருதரம் காரை பெயர்ந்து விழும். கூலிக்குத் தைத்து வைத்த பள்ளிக்கூடச் சட்டையில் விழுந்தால் சாரம்மாள் உதறிவிடுவாள். மீன்குழம்பில் விழுந்த அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

குழம்பை விடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. சாலோமியின் அக்கா ஜெனோவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டிய மாசம் தாண்டி எட்டாம் மாசமும் பிறந்துவிட்டது. ஜெனோவின் மாமியார் சாத்தான்குளத்துக்காரி. ஒருநாள் வந்து, முன்னறையில் அண்ணாந்து பார்த்துவிட்டு, தந்த காப்பியைக்கூட வாசலுக்கு எடுத்துப்போய்த்தான் குடித்தாள்.

“பேறுகாலம் முடிஞ்சி பிள்ளைக்குத் தொட்டில் எங்கன கெட்டுவிய? இந்த உத்தரத்துலயா? இதச் சரிபண்ணிட்டு ஆள் அனுப்புங்க, எம்மருமவள விடுதேன். இல்லன்னா பேறுகாலம் எங்க வீட்டுலதான்” என்றாள்.

மூத்த மகளின் முதல் பிரசவம் மாமியார் வீட்டில் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது சாரம்மாளின் கவலை. மாமியார் சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்பது சாலோமியின் கவலை. தொட்டிலை வேறு அறையில் கட்டலாம். ஆனால் பிள்ளை பெற்றவள் படுப்பது முன்னறையில். காற்று வருவது அங்கேதான். ஐப்பசி மழை நாலு நாள் தொடர்ந்து பெய்தால் உத்தரம் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இல்லை. அப்பாத்துரை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டி உறுப்பினர். நல்ல மனுஷர்தான். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. என்ன பழுது சொன்னாலும் அதற்காக ஜெபம் செய்வார். சாரம்மாள் முதல்தரம் கூட்டிவந்து காட்டியபோது, உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, கண்ணை மூடி, “கர்த்தாவே, இந்த மரத்தை உமது கரத்தால் தாங்கும்” என்று உருக்கமாகக் கேட்டார். சாரம்மாள் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டாள். ஆமென் சொன்ன பிறகு ஆசாரியைப் பற்றிப் பேச்செடுத்தால் விசுவாசக் குறைவாகிவிடும். இரண்டாம்தரமும் அப்படியே ஆயிற்று. கிணற்று உருளை உடைந்தபோதும் ஜெபம்தான் நடந்தது. அந்த உருளையைக் கடைசியில் மாற்றியது வளவில் மற்ற வீட்டுக்கு வாடகை கொடுத்துக் குடியிருந்த கோமு.

கோமுவின் புருஷன் பஸ் கண்டக்டர், வீட்டில் இருப்பது குறைவு. அதனால் கோமுவுக்குப் பொழுதும் வாயும் நிறைய இருந்தன. “சார்வாள் வாடகை வாங்கும்போது மட்டும் ஏன் ஜெபம் பண்ணாம எண்ணிப் பாக்காரு?” என்று கேட்டவள் அவள்தான்.

எழுத்தில் கேட்கலாம் என்ற யோசனை வெங்கட்ரமணனுடையது. அவன் பகலில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் சாலோமிக்கு அடுத்த மிஷினில் உட்கார்ந்து தட்டுகிறவன். தன்னை ஜூனியர் என்று சொல்லிக்கொள்வான். வக்கீல் அவனை ‘ஏலே, காப்பி’ என்றுதான் கூப்பிடுவார்.

“வாயால சொன்னது கணக்கில்ல” என்றான் அவன். “எழுத்துல கேக்கணும். என்ன பழுது, எந்த இடம், எத்தனை நாளைக்குள்ள செய்யணும், மூணும் இருக்கணும். பதிவுத் தபாலு, ஒப்புகை அட்டையோட. நகல் உங்க கையில இருக்கணும். நியாயமான நாள் பொறுத்துப் பாத்தும் செய்யலன்னா முன்சீப் கோர்ட்டுல மனு போடலாம். முன்சீப்தான் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவரு உத்தரவு போட்டா நீங்களே சரிபண்ணிட்டு வாடகையில கழிச்சிக்கிடலாம்.”

“உத்தரவு இல்லாம நாங்களா வாடகைய நிறுத்துனா?”

“அத மட்டும் செஞ்சிராதிய. பாக்கிக்காரின்னு உங்களைத்தான் முதல்ல வெளிய தள்ளுவாரு.”

சாலோமி மூன்றையும் குறித்துக்கொண்டாள். மூன்றையும் எழுதவும் செய்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாத்துரை வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கையில் சாலோமியின் கடிதம். அதில் ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு.

“சாரா, உம்மக நல்லா எழுதுதா. நடை இருக்கு. நூத்துக்கு எழுபது போடலாம்” என்றபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை தெரியாம எழுதிட்டா அண்ணாச்சி” என்றாள் சாரம்மாள்.

“தெரியாம என்ன, தெரிஞ்சேதான் எழுதியிருக்கா. கேளு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகுப்பில் வாசிப்பது போல வாசித்தார். “‘வீடு முழுவதும் எந்நேரமும் இடிந்து விழும் அபாய நிலையில் உள்ளது.’ நான் சொல்லல, குடியிருக்கவ சொல்லுதா. இது தெரிஞ்ச பிறகும் உங்கள இதுல வச்சிருந்தா நாளைக்குக் கர்த்தர் என்னையக் கேக்கமாட்டாரா? டிசம்பருக்குள்ள ரெண்டு வீட்டையும் காலி பண்ணிக் குடுத்துருங்க. இடிச்சிட்டு நாலு கடை கெட்டுதேன்.”

“கடையா?”

“எஸ்.டி.டி. பூத் ஒண்ணு. ஜெராக்ஸ் ஒண்ணு. மத்த ரெண்டும் யோசிக்கணும். எம்மவன் மெட்ராஸ்லேருந்து ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கான். நாந்தான் குடியிருக்கவங்கள எப்படிப் போவச் சொல்லுததுன்னு தயங்கிக்கிட்டு இருந்தேன். இப்போ நீங்களே கேட்டுட்டிய.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமு, “ஏட்டி சாலோமி, உன் வீடு விழுதுன்னு எழுதினியே, எங்க வீட்டையும் ஏம்ட்டி சேத்துத் தள்ளுன?” என்றாள்.

அப்பாத்துரை கிளம்பும்போது வழக்கம்போல ஜெபித்தார். இந்தத்தரம் உத்தரத்துக்காக அல்ல, அவர்களுக்கு நல்ல வேறு வீடு அமைவதற்காக. சாரம்மாள் ஆமென் சொல்லவில்லை. இருமினாள்.

மறுநாள் வகுப்பில் வெங்கட்ரமணன் நகலை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“யாரு இப்படி எழுதச் சொன்னா?”

“நீங்கதான எழுத்துல கேக்கச் சொன்னிய.”

“கேக்கச் சொன்னேன். இடிக்கவா சொன்னேன்? கட்டடம் மோசமா இருக்கு, இடிச்சிக் கெட்டணும்னு வீட்டுக்காரரும் அதே சட்டத்துல அதே கோர்ட்டுல மனு போடலாம். அதுக்கு அவரு இஞ்சினியரு, போட்டோ எல்லாம் தேடணும். நீங்க அவருக்கு அலைச்சல் இல்லாம ஆக்கிட்டிய. உங்க லெட்டர்தான் அவருக்கு முதல் சாட்சி.”

“தப்பா எழுதிட்டேன்னு இன்னொரு லெட்டர் போட்டா?”

“போடத்தான் வேணும். ஒரு உத்தரம்தான் பழுது, மத்தது நல்லா இருக்குன்னு. ஆனா போன வாரம் விழும்ன, இந்த வாரம் நிக்கும்ங்க, எதும்மா நெசம்னு ஜட்ஜ் கேப்பாரு. வீடு நல்லா இருக்குன்னு வேற ஆளு சொல்லணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். “வீட்டுக்காரரே சொன்னா ரொம்ப நல்லது. சொல்லுவாராக்கும்.”

அன்று நாட்குறிப்பில் அவள் எழுதியது இரண்டே வரி. ‘சின்னத் தவறு என்று திங்கள்கிழமை எழுதியது தவறு. அக்காவை எங்கே கூட்டிவருவது என்று தெரியவில்லை.’

சனிக்கிழமை அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அந்தப் பகுதிச் சபைக்காரர்கள் வாரம் ஒரு வீடாக முறை வைத்துக் கூடுவது வழக்கம். முறை வந்தால் தட்ட முடியாது. வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள்கூடக் கேசரி கிண்டியாக வேண்டும். சாரம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிண்டினாள். கமிட்டி உறுப்பினர் என்பதால் அப்பாத்துரையும் வந்தே தீர வேண்டும். காலி செய்யச் சொன்ன வீட்டுக்கு இரண்டு நாள் கழித்து வேட்டியும் ஜிப்பாவுமாக வந்து நின்றார்.

முன்னறையில் பாயும் ஜமுக்காளமும் விரித்திருந்தது. பெரியவர்களுக்கு நாலைந்து நாற்காலி. கைவைத்த நாற்காலி ஒன்றுதான். அதை மரியாதைக்கு நடுவில் போடுவது எல்லா வீட்டிலும் உள்ள முறை. சாரம்மாள் முறைப்படிதான் போட்டாள். கூட்டத்துக்கு நடு என்றால் டியூப்லைட்டுக்குக் கீழே. டியூப்லைட் இருந்தது கரையான் அரித்த அந்த உத்தரத்தில்.

அப்பாத்துரை வந்து அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தார். மேலே பார்த்தார். பைய அதைத் தூக்கி, ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சுவரை ஒட்டிப் போட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பாயில் உட்கார்ந்திருந்த சாலோமி இதைப் பார்த்தாள். எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண் அவளுக்கு. நாற்காலி போன தூரம் ஆறேழு அடி. அந்த ஆறேழு அடிக்கு அப்பால் மனுஷர் காலை நீட்டிக்கொண்டு, ஜன்னலில் செருகி வைத்த விசிறியை எடுத்து வீசிக்கொண்டிருந்தார். வீடு முழுவதும் விழும் என்று நம்புகிறவர் உட்காரும் விதமாக அது இல்லை.

ஞானாபரணம் உபதேசியார் கொஞ்சம் தாமதமாக வந்தார். கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். கண் பார்வை மட்டு. டியூப்லைட்டுக்குக் கீழே இடம் காலியாக இருந்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று. ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேதபுஸ்தகத்தைத் திறந்தார். பாட்டு முடிந்தது. வாசிக்கத் தொடங்கினார். மேலிருந்து கொஞ்சம் தூள் திறந்த பக்கத்தில் விழுந்தது. ஊதிவிட்டு வாசித்தார். மறுபடி விழுந்தது. இந்தத்தரம் தூளோடு ஒரு சின்னக் காரைத் துண்டு. அதையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாசித்தார்.

அப்பாத்துரையால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், அவர் கெட்ட மனுஷர் இல்லை.

“உபதேசியாரே, அங்கன உக்காராதிய.”

“வெளிச்சம் இங்கனதான இருக்கு?”

“மண்டையில விழுந்துரும்வே. இங்கன வாங்க. எம்பக்கத்துல போட்டு உக்காருங்க. இங்கன ஒண்ணும் ஆவாது.”

உபதேசியார் எழுந்தார். அவர் கள்ளமில்லாதவர், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார். “அங்கன மட்டும் எப்படி ஒண்ணும் ஆவாது? வீடே விழப்போவுது, இடிச்சிட்டுக் கடை கெட்டப்போறேன்னு நேத்து கமிட்டியில சொன்னிய. விழுத வீட்டுல எந்த மூலையில உக்காந்தா என்ன?”

பாயில் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாத்துரையின் முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷம் வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவரை யாரோ எதிர்க்கேள்வி கேட்டுவிட்டார்கள். அதுவும் இருபது பேர் நடுவில்.

“விழுத வீடா? யாரு கெட்டுன வீடு தெரியுமாவே இது? எங்க அய்யா பக்கத்துல நின்னு கெட்டுனது. ஒண்ணரை அடிச் சுவரு. கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு அரைச்ச சுண்ணாம்பு. இதுல ஆணி அடிக்க முடியுமா உமக்கு? அந்த ஒரு உத்தரம்தான் சவம் உளுத்துப்போச்சி. அத மாத்திட்டா இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாது.”

சொன்னவருக்கே தாம் என்ன சொன்னோம் என்று மெதுவாகத்தான் உறைத்தது.

“ஆமென்” என்றது ஒரு குரல்.

சபைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேசரி வாங்குவதற்காகக் கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்த கோமு.

அன்று ராத்திரி முழுக்கச் சாலோமிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஜெபத்துக்கு வந்தவர் வாயிலிருந்து வந்ததைப் பிடித்துக் கடிதத்தில் போடலாமா? வஞ்சகம் இல்லையா? ஆனால் நாற்காலியை அவள் தள்ளவில்லை. கேள்வியையும் அவள் கேட்கவில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. போன கடிதத்தில் இல்லாததைச் சேர்த்ததுதான் தப்பு, இந்தக் கடிதத்தில் உள்ளதை விடுவதும் அதே மாதிரித் தப்புத்தானே? இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரைப் போய்ப் பார்த்தாள். அப்பாத்துரை சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்றாள்.

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “ஜெபத்துல நடந்தத கோர்ட்டுல சொல்லலாமாம்மா?”

“நடக்காததச் சொல்லச் சொல்லல ஐயா.”

“அவரு கமிட்டியில இருக்காரு.”

“காரை உங்க வேதபுஸ்தகத்துலதான விழுந்துச்சி.”

உபதேசியாருக்கு அது பட்டது. தம் தலையில் விழுந்திருந்தால் மன்னித்திருப்பார். கையெழுத்துப் போட்டார். கோமு கேட்காமலேயே போட்டாள், தன் பெயருக்குக் கீழே ‘நேரில் கேட்டவள்’ என்று சேர்த்து.

திங்கள்கிழமை வகுப்பில் சாலோமி இரண்டாவது கடிதத்தை அடித்தாள். இந்தத்தரம் விரல்களை நம்பவில்லை. முதலில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு சொல்லாக ‘இது நான் கண்டதா?’ என்று கேட்டு, இல்லையென்றால் அடித்துவிட்டாள். ‘சொல்லொணா’ போயிற்று. ‘எந்நேரமும்’ போயிற்று. மிஞ்சியது அரைப் பக்கம். முந்தைய கடிதத்தில் வீடு முழுவதும் என்று எழுதியது பிழை. முன்னறையில் மேற்குப் பக்கத்து உத்தரம், சுவருக்குள் போகும் முனையில், கரையான் அரித்துள்ளது. அந்த இடத்தில் உட்கார வேண்டாம் என்றும், உத்தரத்தை மாற்றினால் வீடு நூறு ஆண்டு அசையாது என்றும் தாங்களே பதினான்காம் தேதி கூட்டத்தில் சொன்னீர்கள். கேட்ட இருவரின் கையெழுத்து இணைப்பில் உள்ளது. பதினைந்து நாட்களுக்குள் மாற்றித் தரவும். இல்லையெனில் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்வோம். வாடகை வழக்கம்போல் செலுத்தப்படும்.

வெங்கட்ரமணன் வாசித்தான். “வறட்டுத்தனமா இருக்கு” என்றான். “இதுதான் வேணும்.”

புதன்கிழமை சாயங்காலம் அப்பாத்துரை வந்தார். இந்தத்தரம் பிரகாசம் இல்லை. முன்னறைக்குள் வராமல் முற்றத்திலேயே நின்றார்.

“சாலோமி, ஜெபத்துக்கு வந்த மனுஷன் வாயப் பிடுங்கித் தபால்ல அனுப்புதியே, இது உனக்கு நல்லாருக்கா?”

சாலோமி சொன்னாள். “நீங்க சொன்னதத்தான் சார் எழுதுனேன். ஒரு சொல்லும் கூட்டல. போன தடவ கூட்டுனேன். அது தப்பு.”

“நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னது. ஒரு வேகத்துல.”

“நானும் அப்படித்தான் எழுதுனேன், சார்.”

கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கோமு வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

“சார்வாள், நாங்க ஒண்ணும் அடம்பிடிக்கல. பேச்சுக்குச் சொன்னதுன்னா அதையே எழுத்துல குடுத்துருங்க. எங்க அய்யா கெட்டுன வீடு மோசம், சுண்ணாம்பு சரியில்ல, சுவரு நிக்காதுன்னு ஒரு தாளுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த மாசமே காலி பண்ணிருதோம். என்னம்மா சாரம்மா?”

“ஆமா அண்ணாச்சி, எழுதிக் குடுங்க” என்றாள் சாரம்மாள்.

சாலோமி உள்ளே போய் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து நீட்டினாள். அவர் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது.

அப்பாத்துரை தாளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். போய் அதில் கையை வைத்தார். அடுத்த தெருவில் அவர் குடியிருந்த வீடு தெருவுக்கே பெரியது, ஆனால் அது மனைவி வழியில் வந்தது. அவருடைய அய்யா கட்டியது இது ஒன்றுதான். கடை கட்ட ஆசைப்பட்டது மெட்ராஸில் இருக்கும் மகன். அந்த மகனுக்கு இந்தச் சுவருக்கு ஒண்ணரை அடியா ஒரு அடியா என்றுகூடத் தெரியாது.

“சுண்ணாம்பு சரியில்லையாம்ல” என்று யாரையோ திட்டுவது போல முணுமுணுத்தார். தாளை வாங்கிக் கிணற்றுத் திண்டில் வைத்து எழுதினார். எழுதியதைச் சாலோமி எட்டிப் பார்த்தாள். ‘உத்தரத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதம். செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும். அப்பாத்துரை.’

“எந்த உத்தரம்னு இல்ல சார்” என்றாள் சாலோமி.

“என்ன?”

“மொட்டையா உத்தரம்னா, நாளைக்கு எல்லா உத்தரத்தையும் மாத்திட்டம்னு யாராவது சொல்லிரக்கூடாதுல்லா. தேதியும் இல்ல.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முன்னறை மேற்குப் பக்கத்து என்று மேலே சொருகினார். தேதி போட்டார். ஒரு காற்புள்ளியையும் திருத்தினார். “பழைய உத்தரம் எனக்கு வேணும். தேக்கு” என்றார்.

“கரையானோடயா?” என்றாள் சாரம்மாள்.

“தட்டிட்டுக் குடு.”

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கண்ணை மூடப் போனார். கோமு நிற்பதைப் பார்த்துத் திறந்துகொண்டார். “ஆசாரி மேல ஏறும்போது பாத்து ஏறச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சாரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, சாத்தான்குளத்துக்குப் போன் போட மூலைக்கடைக்கு ஓடினாள். ஜெனோவின் மாமியார் எதிர்முனையில், வேலை முடிந்ததும் தானே வந்து பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்றாளாம். அது நியாயம்தான் என்று சாலோமிக்குப் பட்டது. மாமியாரும் இரண்டு தரம் பார்க்கிற ஜாதி போலிருக்கிறது.

19.10.1995, வியாழன்.
சம்மதக் கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்தாயிற்று. ஒன்று வெங்கட்ரமணனிடம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் வேலையை முடித்துவிடுவதாக ஆசாரி சொல்கிறார். மழை வந்தால் முடியாது என்றும் சொல்கிறார். பாபநாசம் பக்கம் மேகம் இருக்கிறது.
நாளை காலை கடை திறக்கும் முன் ஆசாரியோடு மேலப்பாளையம் பழைய மரக்கடைக்குப் போய், உத்தரத்தின் இரண்டு முனைகளையும் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்கும் முன் தையல் மிஷினை அடுக்களைக்கு நகர்த்த வேண்டும்.